தீமை எல்லாம் தெரிந்தும் புகையை விட மனம் எழவில்லை; அந்த மனத்தை எப்படி வரவழைப்பது?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 41. கல்லூரி விடுதியில் தொடங்கிய சிகரெட் இன்றுவரை தொடர்கிறது. வழக்கமாக நாளொன்றுக்குப் பத்து. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய 20ஆம் தேதி நெருங்கும்போது பதினைந்தைத் தாண்டிவிடும். காலையில் எழுந்து காபி குடித்த கையோடு முதல் சிகரெட்டைப் பற்றவைத்தால்தான் அன்றைய நாளே தொடங்கியதாகத் தோன்றும்.

புகைப்பதால் என்னென்ன நோய்கள் வரும் என்பதை யாரும் பட்டியலிட வேண்டாம் என்று முதலிலேயே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவை எனக்குத் தெரியும். பாக்கெட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கைப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகி, இப்போதெல்லாம் அது என் கண்ணில் படுவதே இல்லை. அலுவலகத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்று சொன்னார்கள். என் தாத்தா சுருட்டுப் பிடித்துக்கொண்டே 84 வயது வரை தோட்டத்துக்குப் போய்வந்தார். இவற்றை நான் வாதமாக முன்வைக்கவில்லை. விடலாமா என்று யோசிக்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் என் மனம் இவற்றைத்தான் எடுத்து நீட்டுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பழக்கத்தை விட்டவர்களைக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள், இன்னொருவருக்கு மகள் பிறந்தாள், வேறொருவரின் நெருங்கிய நண்பர் புற்றுநோயில் இறந்தார். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. நேரட்டும் என்று காத்திருப்பதும் அறிவுடைமை ஆகாது. என் மனைவி முன்பு சொல்லிக்கொண்டே இருந்தார். சில ஆண்டுகளாக அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் காலை முதல் இரவு வரை யாராவது என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கையில் சிகரெட்டுடன் பின்பக்கப் படிக்கட்டில் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்தாம் யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம். அதையும் விட்டுவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும் என்று எண்ணும்போது இருக்கிற கொஞ்ச மனமும் பின்வாங்கிவிடுகிறது.

விட வேண்டும் என்ற அறிவு இருக்கிறது. விட்டே தீர வேண்டும் என்ற வேட்கை இல்லை. அந்த வேட்கையை ஒருவர் தமக்குள் தாமே உண்டாக்கிக்கொள்ள முடியுமா? முடிந்தவர்கள் எப்படி என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பணிநிறைவுத் தலைமையாசிரியர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியில் இருக்கும் நேர்மையைப் படித்த பிறகு பதில் எழுதாமல் போக மனமில்லை. நானும் நீண்ட காலம் புகைத்தவன். எதிர்காலத்தில் வரப்போகும் நோயைப் பற்றிய அச்சம் என்னையும் ஒருநாளும் அசைத்ததில்லை. நிகழ்காலத்தில் நான் சுமந்துகொண்டிருந்த ஒரு தொல்லைதான் என்னை அசைத்தது.

கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள்களை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த பெட்டிக்கடைக்காரரிடம் அதைச் சொல்லி விற்பனையை நிறுத்தச் செய்யவேண்டிய பொறுப்பு தலைமையாசிரியரான என்னுடையது; செய்தேன். அதன் பிறகு எனக்கு ஒரு சிகரெட் வேண்டுமென்றால், மதிய இடைவேளையில் இரண்டு தெரு தள்ளிப் போய், மாணவர் எவரும் வருகிறாரா என்று பார்த்து, கடைக்குப் பின்னால் நின்று புகைத்து, கிராம்பை மென்று, கை கழுவி, சட்டையை உதறிக்கொண்டு திரும்ப வேண்டும். உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்தி முடிவதற்குள் எழுந்து வெளியே போக வேண்டும். தொலைதூர ரயிலில் எந்த நிலையத்தில் வண்டி நீண்ட நேரம் நிற்கும் என்பதைக் கணக்குப் பண்ணிக்கொண்டே பயணம் செய்ய வேண்டும். ஒருநாள் இந்த வேலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, புகைப்பதற்கு ஆகும் நேரத்தைவிடப் புகைப்பதற்கு ஏற்பாடு செய்யவும் அதை மறைக்கவும் ஆகும் நேரமே மிகுதி என்று தெரிந்தது. நோயைப் பற்றிய எந்தப் படமும் தராத சினத்தை அந்தத் தாள் எனக்குத் தந்தது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வாரத்துக்கு நீங்கள் பிடிக்கும் சிகரெட்டுகளை எண்ண வேண்டாம். சிகரெட்டுக்காக நீங்கள் செய்யும் மற்ற வேலைகளை எழுதுங்கள். யாரிடம் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்தீர்கள், எந்த இடத்துக்குப் போகாமல் தவிர்த்தீர்கள், வீட்டுக்குள் நுழையுமுன் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். உங்களுக்குத் தேவையான காரணம் அந்தத் தாளில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

நான் கோடை விடுமுறை தொடங்கிய அன்று ஒரேயடியாக நிறுத்தினேன். புகையை விட உதவும் நிகோடின் சூயிங்கம், மாத்திரை எதையும் நாடவில்லை, நாட வேண்டிய தேவையும் இல்லை என்பது என் துணிபு. மனம் உறுதிப்பட்டுவிட்டால் மருந்து எதற்கு?

வைகை ஆலோசகர் எழுதியது:

வணக்கம். புகையிலைப் பழக்கத்திலிருந்து மீள வருவோருக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருக்கிறேன். ஐயா எழுதியதில் பெரும்பகுதியை வழிமொழிகிறேன். மருந்து பற்றிய அவருடைய கருத்துக்கு மட்டும் பின்னால் வருகிறேன்.

நொய்யல்கரை அவர்களே, உங்களுக்கு வேட்கை இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. புகைக்க வேண்டும் என்ற ஆசையும் விட வேண்டும் என்ற ஆசையும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் இருப்பதுதான் இயல்பு. 2016-17இல் இந்தியா முழுவதும் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4 சதவீதத்தினர் விடத் திட்டமிடுவதாகவோ விடுவது பற்றி எண்ணுவதாகவோ சொன்னார்கள். முந்தைய 12 மாதங்களில் உண்மையாகவே விட முயன்றவர்கள் 38.5 சதவீதம். அதாவது, இன்று டீக்கடை வாசலில் உங்கள் பக்கத்தில் நின்று புகைக்கிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் உங்களைப் போலவேதான் இருக்கிறார்கள்.

எங்கள் பணியில் கேட்கும் இரண்டு கேள்விகளை உங்களிடமும் கேட்கிறேன். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முதன்முதலாக விளக்கி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தெடுத்த உரையாடல் முறையைச் சேர்ந்தவை இவை. முதல் கேள்வி: புகையை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண்ணைச் சொல்லுங்கள். நீங்கள் ஐந்து என்று சொன்னால், ‘ஏன் எட்டு இல்லை?’ என்று நான் கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டால் புகைப்பதற்கான காரணங்களைத்தான் நீங்கள் அடுக்குவீர்கள். ‘ஏன் ஐந்து, ஏன் இரண்டு இல்லை?’ என்றுதான் கேட்பேன். அதற்கு உங்கள் வாயிலிருந்து வரும் பதில் உங்களுடைய சொந்தக் காரணம். வேறு யாரும் உங்கள் தலையில் ஏற்றியது அன்று. இரண்டாவது கேள்வி: விட முடிவு செய்தால் உங்களால் முடியும் என்ற நம்பிக்கைக்கு எத்தனை மதிப்பெண்? இந்த இரண்டாவது எண் மிகவும் குறைவாக இருக்கும் பலர், தங்களுக்கு விருப்பமே இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். முடியாது என்று அஞ்சும் ஒன்றை விரும்பாமல் இருப்பது மனத்துக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு அதில் விருப்பக் குறைவைவிட நம்பிக்கைக் குறைவே தெரிகிறது.

திருப்பம் எதுவும் நேரவில்லையே என்கிறீர்கள். ராபர்ட் வெஸ்ட்டும் அவருடைய துணையாய்வாளரும் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. விட முயன்றவர்களைக் கேட்டபோது, ஏறத்தாழப் பாதி முயற்சிகள் எந்த முன்திட்டமும் இல்லாமல் அந்த நேரத்து முடிவாகவே தொடங்கியிருந்தன. அவற்றில் ஆறு மாதமோ அதற்கு மேலோ நிலைத்தவற்றின் பங்கு, திட்டமிட்ட முயற்சிகளைவிடக் கூடுதலாகவும் இருந்தது. பழையதை நினைவுகூர்ந்து சொன்ன பதில்கள் என்பதால், திட்டமிடாமல் விடுவதே சிறந்தது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் பெரிய அதிர்ச்சியும் நீண்ட ஆயத்தமும் இல்லாமலே ஆயிரக்கணக்கானோர் விட்டிருக்கிறார்கள் என்பது உறுதி. பல காலமாக உள்ளே சேர்ந்திருந்த அதிருப்தி, ஏதோ ஒரு சாதாரண நாளில் முடிவாக மாறுகிறது. ஐயாவின் தாள் அத்தகைய ஒன்று.

நோய்ப் பட்டியல் வேண்டாம் என்றீர்கள், தரவில்லை. ஆனால் 41 வயதில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது என்ன என்பதைச் சொல்லாமல் விடுவது என் கடமைக்கு மாறானது. ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோர் 1951இல் பிரிட்டனின் மருத்துவர்களிடம் அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்து தொடங்கிய ஆய்வு, 34,439 ஆண் மருத்துவர்களை அரை நூற்றாண்டுக் காலம் பின்தொடர்ந்தது. 2004இல் வெளியான முடிவின்படி, தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அந்தப் பத்தில் மூன்றையும், 50இல் விட்டவர்கள் ஆறையும், 40இல் விட்டவர்கள் ஒன்பதையும் மீட்டுக்கொண்டார்கள். உங்கள் வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் எது என்று பாருங்கள். இவ்வளவு ஆண்டுகள் புகைத்தாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்ற எண்ணம் உங்களுக்குள் எங்காவது ஒளிந்திருந்தால், அதற்கு நேரான மறுப்பு இது. தாத்தாவைப் பற்றி ஒரே சொல்: வாழ்நாள் முழுவதும் புகைப்பவர்களில் பாதிப்பேராவது அதனாலேயே இறக்கிறார்கள் என்றால், மற்றப் பாதியில் 84 வயது வரை நடமாடியவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். நாம் எந்தப் பாதி என்பது முன்கூட்டித் தெரிவதில்லை.

எக்ஸ்ரே தெளிவாக இருப்பது நல்ல செய்திதான். ஆனால் நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகத்தில் வெளியேற்றுகிறது என்பதை எக்ஸ்ரே காட்டாது. அதற்கு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை வேண்டும். உங்கள் ஊதும் திறன் எந்த வயதுக்காரரின் திறனுக்கு ஒப்பானது என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுஷயரில் 35 வயதுக்கு மேற்பட்ட 561 புகைப்பழக்கத்தாருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்து, பாதிப்பேருக்கு முடிவை ‘நுரையீரல் வயது’ என்று விளக்கினார்கள்; மற்றவர்களுக்கு வெறும் எண்ணாகக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வயதாக விளக்கப்பெற்றவர்களில் 13.6 சதவீதத்தினரும் மற்றவர்களில் 6.4 சதவீதத்தினரும் விட்டிருந்தார்கள். முடிவு மோசமாக வந்தவர்கள் மட்டுமே விட்டார்கள் என்றும் இல்லை. நுரையீரல் நன்றாக இருப்பதாக அறிந்தவர்களும் விட்டார்கள். ஆகவே உங்களுடையது நன்றாகவே இருந்தாலும் அதைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணம் எழலாம். உந்துதல் வேண்டும் என்று கேட்கிறவருக்கு நான் முதலில் சொல்லும் பரிசோதனை இது.

மலர்வனம் எழுதியது:

சகோதரரே, நான் மருத்துவமும் அறியேன், புகைத்தவளும் அல்லேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் புகைத்த ஒருவரின் மனைவி. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் என் மனம் நின்றுவிட்டது. உங்கள் மனைவி சொல்வதை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நாங்கள் சொல்வதை நிறுத்துவது, அக்கறை போய்விட்டதனால் அன்று. நான் ஒரு சொல் சொன்னால் என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார். அந்தக் கோபத்தில் இன்னும் இரண்டு சேர்த்துப் புகைப்பார். நான் சொல்வதே அவரைப் புகைக்க அனுப்புகிறது என்று கண்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன். இரவில் அவர் இருமும்போது விழித்துக்கொண்டு படுத்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியாது. பல காலம் கழித்து, ‘நீ இதைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாய்?’ என்று அவராகக் கேட்டார். அன்று நான் அழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. நினைத்திருந்ததை எல்லாம் அமைதியாகச் சொன்னேன். அவர் அன்றே விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எடுத்த முயற்சிகளில் நான் அவருக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கவில்லை, உடன் நின்றேன். இப்போது அவர் புகைப்பதில்லை.

உங்கள் மனைவியிடம் ஒருமுறை கேளுங்கள். அறிவுரை சொல்லச் சொல்ல வேண்டாம், என்ன நினைக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை இடையில் எழுந்து வெளியே போகாதீர்கள்.

பொருளியல் ஆய்வு மாணவி எழுதியது:

உந்துதல் என்பதை மனத்துக்குள் மட்டுமே தேட வேண்டியதில்லை, வெளியிலும் அமைத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பொருளியலில் இரண்டு நல்ல சோதனைகள் உண்டு.

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ பகுதியில் ஒரு வங்கி, புகைப்பவர்களுக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கை வழங்கியது. ஆறு மாதம் அவர்கள் தங்கள் பணத்தையே அதில் போட்டு வருவார்கள், வட்டி கிடையாது. ஆறாம் மாத முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் நிகோடின் இல்லையென்றால் பணம் முழுவதும் திரும்பும், இருந்தால் தொண்டு நிறுவனத்துக்குப் போய்விடும். ஜினே, கார்லன், சின்மன் ஆகிய பொருளியலாளர்கள் மூவரும் 2010இல் வெளியிட்ட முடிவின்படி, கணக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டவர்களில் 11 சதவீதத்தினர்தாம் அதில் சேர்ந்தார்கள். இருந்தும், கேட்கப்பட்டவர்களின் குழு முழுவதிலும் பரிசோதனையில் தேறியவர்கள் கேட்கப்படாதவர்களைவிடச் சுமார் 3 சதவீதப் புள்ளிகள் அதிகம். ஓராண்டு கழித்து முன்னறிவிப்பின்றிச் செய்த பரிசோதனையிலும் அந்த வேறுபாடு நிலைத்தது. மற்றொன்று அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஊழியர்கள் 878 பேரிடம் நடந்து 2009இல் வெளியானது. படிப்படியாக மொத்தம் 750 டாலர் வரை பரிசு உண்டு என்று சொல்லப்பட்ட குழுவில் 14.7 சதவீதத்தினரும், பரிசு இல்லாத குழுவில் 5 சதவீதத்தினரும் விட்டார்கள்.

இவற்றை நான் பெரிதுபடுத்தவில்லை. பணம் கொடுத்தும் எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டோர் விடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் ஊசலாடுகிற ஒருவருக்கு, மனம் திடமாக இருக்கும் நாளிலேயே மனம் தளரும் நாளுக்கான தடையைக் கட்டிவைத்துக்கொள்வது உதவும். நீங்கள் கணக்கர், நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு ஆண்டுக்கு என்ன ஆகிறது என்பதை ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவீர்கள். ஆறு மாதத் தொகையை முன்கூட்டியே, தயவு தாட்சண்யம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, புகைத்தால் அது திரும்பாது என்று எழுதிக் கையொப்பம் இடுங்கள். அந்த ஒருவர் உங்கள் மனைவியாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. சோதனை போடும் வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மேலே சகோதரி சொன்ன நல்லது கெட்டுவிடும்.

நொய்யல்கரை எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையுடன் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் என் நன்றி.

ஆலோசகர் அவர்களே, முக்கியத்துவத்துக்கு ஆறு என்றும் நம்பிக்கைக்கு இரண்டு என்றும் எழுதினேன். இரண்டாவது எண்ணைப் பார்த்த பிறகு நீங்கள் சொன்னதை மறுக்க முடியவில்லை. ஏன் ஆறு, ஏன் இரண்டு இல்லை என்ற கேள்விக்கு நோய் எதுவும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடி. உடன் வருபவர்களை முன்னே போகவிட்டு, கைப்பேசியில் யாரிடமோ பேசுவது போல இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். சில மாதங்களாகவே இது நடக்கிறது. இதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. தலைமையாசிரியர் ஐயா எழுதச் சொன்ன தாளிலும் முதல் வரி இதுவாகத்தான் இருக்கும். மனைவியிடம் இன்னும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசுவேன்.

இனி மூன்று ஐயங்கள். எந்த நாளில் தொடங்குவது? ஐயா சொன்னபடி மருந்தில்லாமல் விடுவதா, சூயிங்கம் எடுப்பதா? அந்தப் படிக்கட்டு நிமிடங்களை என்ன செய்வது? சிகரெட் இல்லாமல் 20ஆம் தேதியைக் கடக்க முடியும் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

வைகை ஆலோசகர் எழுதியது:

இரண்டாவது மாடியில் நிற்பதை எழுதியமைக்கு நன்றி. ஸ்பைரோமெட்ரிக்கு இனியும் தள்ளிப்போடாமல் செல்லுங்கள். மூச்சு வாங்குவதை மருத்துவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள், இதயத்தையும் அவர் பார்க்கட்டும்.

நாளைப் பொறுத்தவரை, 20ஆம் தேதிக்கு அடுத்து வரும் நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐயா கோடை விடுமுறையைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் அறிவும் இதுதான். நிறுத்திய பிறகு வரும் எரிச்சல், பதற்றம், தூக்கக் குறைவு ஆகியவை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே அடுத்த தாக்கல் நாள் வரும்போது மிகக் கடினமான கட்டம் உங்களுக்குப் பின்னால் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து விடலாம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ஏறத்தாழ 700 பேரிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 22 சதவீதத்தினரும், இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 15.5 சதவீதத்தினரும் ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். இந்த அளவில் ஐயாவின் அறிவுரை சரியானது.

ஆனால் அந்தச் சோதனையில் இரு தரப்பினருக்குமே நிகோடின் மருந்துகள் கொடுக்கப்பட்டன என்பதையும் ஐயா கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். ஐயாவைப் போல மருந்தில்லாமல் வென்றவர்கள் பலர் உண்டு, அவர்கள்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும் நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் ஒட்டு முதலியவை வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன என்பது நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்ட முடிவு. மன உறுதிக்கு மருந்து மாற்று ஆகாது. உடல் கேட்கும் நிகோடினை மருந்து பார்த்துக்கொள்ளும்போது, மனம் பழக்கத்தோடு மட்டும் போராடினால் போதும். நம்பிக்கைக்கு இரண்டு மதிப்பெண் போட்ட ஒருவரை வெறுங்கையுடன் அனுப்ப நான் ஒப்ப மாட்டேன்.

2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். உங்கள் காலை வழக்கத்தைப் பார்த்தால் நீங்கள் அந்த வகையில் வரலாம் என்பதால், மருத்துவரைக் கலந்தே தொடங்குங்கள். வாரினிக்ளின், புப்ரோபியான் ஆகிய மாத்திரைகளைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். சூயிங்கம் பயனில்லை என்று சொல்பவர்களில் பலர் அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று விழுங்கியவர்கள். காரமோ சுருக்கென்ற உணர்வோ வரும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். உணர்வு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரைமணி நேரம் வரும். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், வயிற்றுக்குப் போனால் விக்கல்தான் மிச்சம். அதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பழச்சாறு வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது.

காபி பற்றி இன்னொன்று. சிகரெட் புகையில் உள்ள வேதிப்பொருள்கள் கல்லீரல் காஃபினை வேகமாகச் சிதைக்கும்படி தூண்டிவைத்திருக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே இரண்டு டம்ளர் காபி முன்னைவிட அதிக நேரம் உடம்பில் தங்கிப் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதை நிகோடின் இல்லாத குறை என்று எண்ணிச் சிகரெட்டுக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் சில வாரங்களுக்குக் காபியைப் பாதியாக்குங்கள்.

படிக்கட்டு நிமிடங்களை விட வேண்டாம். உங்களுக்கு அங்கே கிடைப்பதில் ஒரு பகுதி தனிமை, அது உங்களுக்கு உரிமையானது. இன்னொரு பகுதி, இழுத்த பத்து இருபது நொடிகளுக்குள் மூளைக்குப் போய்ச் சேரும் நிகோடின். இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால் எழும் தவிப்பை அடுத்த சிகரெட் தணிக்கிறது. தணிவதை அமைதி என்று உணர்கிறோம். தவிப்பை உண்டாக்கியதும் அதே சிகரெட்தான் என்பது தெரிவதில்லை. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்தன என்று காட்டியது. ஆகவே அந்த நிமிடங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்: மொட்டை மாடியோ, வாசல் மரத்தடியோ. ‘பத்து நிமிடத்தில் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு எழுங்கள். சிகரெட்டைக் காட்டி எழுந்தபோது கேள்வி கேட்காதவர்கள் இப்போதும் கேட்க மாட்டார்கள். அதே படிக்கட்டில் மட்டும் சில வாரங்களுக்கு நிற்க வேண்டாம். அங்கே புகைத்துக்கொண்டிருக்கும் நண்பர் நீட்டும் ஒன்றை மறுப்பது மிகவும் கடினம்.

அந்த ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்கள் கழித்து ஒரு திருமணத்திலோ துக்கத்திலோ ஒன்றைப் பிடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று பாக்கெட் வாங்கப் போகாதீர்கள். அந்தச் சிகரெட்டோடு நிறுத்தி, அன்றே யாரிடமாவது பேசுங்கள். நீங்கள் பார்க்காமல் பழகிவிட்ட அந்த எச்சரிக்கைப் படத்துடனேயே 1800 11 2356 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். கட்டணமில்லாத தேசிய உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். தொடங்கும் நாளுக்கு முன்பே ஒருமுறை அழைத்துப் பேசிவிடுங்கள். அப்போது தடுமாறும் நாளில் முன்பின் அறியாத எண்ணை அழைக்கும் தயக்கம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் பேசும்போது எந்தத் தேதி என்பதையும் அவரிடமே முதலில் சொல்லுங்கள்.